இடாப்பு சேரும் பத்தாவது பிள்ளையும்

கண்டி மாவட்டத்திலேயே பிள்ளைகளுக்குப் பெற்றோர் பெயர் வைப்பதற்கு முன்னர் வகுப்பு வைத்துவிடுகிற மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் டவுனில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் மறந்துவிட்டார்கள். எல்லோருக்கும் அவர் இடாப்பு சேர்.

டவுன் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். ஹேவாஹெட்டவுக்கு ஏறும் வீதியில் ஒரு பஸ் தரிப்பிடம், இரண்டு பேக்கரி, ஒரு பாமசி, என்னுடைய போட்டோகொப்பிக் கடை. கடைக்குப் பின்னால் எண்பத்து நாலு படி ஏறினால் அரசாங்கத் தமிழ்ப் பாடசாலை. அதன் அதிபர்தான் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று வருட நியமனத்தில் மலைநாட்டுக்கு வந்தவர். அப்படி வருகிறவர்கள் மூன்றாம் வருடம் முடிகிற அன்று பின்னேர பஸ்ஸிலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இவர் இருபது வருடம் தாண்டியும் போகவில்லை. "இடமாற்றம் கேட்கலீங்களா சேர்?" என்றால், "பிள்ளையள் குறைஞ்சு கிடக்குது, இப்ப எப்பிடிப் போறது?" என்பார். என்றைக்குக் கேட்டாலும் பிள்ளைகள் குறைந்துதான் கிடந்தார்கள்.

வருடம் முழுக்க ஒரே பச்சை ஸ்வெட்டர். கக்கத்தில் மாணவர் வரவைப் பதிகிற இடாப்பு. ஸ்வெட்டருக்குள்ளே, நெஞ்சோடு, ஒரு சீ.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட நோட்டு. வரவு இடாப்பில் இருப்பவர்கள் இப்போது படிக்கிற பிள்ளைகள். சீ.ஆர். கொப்பியில் இருப்பவர்கள் இனிமேல் படிக்கப்போகிற பிள்ளைகள். அதில் நடக்கத் தெரியாதவர்கள் இருந்தார்கள், பல் முளைக்காதவர்கள் இருந்தார்கள், பிறக்காதவர்களும் இருந்தார்கள்.

பேராதனை ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றுக்கொண்டு தாய்மார் திரும்பி வருகிற பஸ் எத்தனை மணிக்கு என்பது சேருக்குத் தெரியும். அவர்கள் இறங்கும்போது குடையை விரித்துக்கொண்டு நிற்பார். பிள்ளைக்கு வெயில் படாமல் குடை பிடித்தபடியே கேட்பார்: "பொம்பிளைப் பிள்ளையோ? நல்லது. பிறந்தது எத்தினையாம் திகதி?" திகதியைக் கொப்பியில் போட்டு, விரலை மடித்து மடித்து எண்ணி, அந்தப் பிள்ளை எந்தத் தை மாதம் முதலாம் ஆண்டுக்கு வரும் என்று அங்கேயே அறிவித்துவிடுவார். தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னரே பிள்ளைக்கு அனுமதி கிடைத்துவிடும்.

கல்யாண வீடுகளில் இன்னும் மோசம். எங்கள் பாமசிக்காரருடைய மகன் கல்யாணத்தில், மேடையில் ஏறி, மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டு, பெண்ணிடம் குனிந்து கேட்டார்:

"பிள்ளை, நீங்கள் கலியாணம் முடிச்சு இஞ்சதானே இருக்கப்போறியள்? கொழும்புக்குப் போற யோசினை இல்லைத்தானே?"

"இல்லீங்க சேர், இங்கதாங்க இருப்போம்."

"அப்ப ஆறு வருசம். சரியே? ஆறு வருசத்தில நான் எதிர்பார்ப்பன்."

பெண் வெட்கத்தில் தலை குனிந்தது குனிந்ததுதான். படம் பிடித்தவன் பிறகு என் கடைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டான். அல்பத்தில் ஒரு படத்திலும் பெண்ணின் முகம் இல்லையாம்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், டவுனில் வசதி வந்த வீடுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகளைக் கண்டிக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தன. காலையில் ஐந்தே காலுக்கு ஸ்கூல் வேன் வந்து ஹோர்ன் அடித்தால், அந்த வீதியில் எத்தனை வீட்டில் லைட் எரிகிறதோ அத்தனை பிள்ளைகள் எங்கள் பாடசாலைக்கு நட்டம் என்று கணக்கு.

சேர் நன்றாகப் படிப்பிக்காததால் பிள்ளைகள் போனார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகப் படிப்பித்ததால்தான் போனார்கள். அதுதான் அந்த மனிதருடைய தலைவிதி. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் பிள்ளை ஒன்று பாஸ் பண்ணினால், அடுத்த தை மாதம் அது கண்டியில் பெரிய பாடசாலைக்குப் போய்விடும். பாஸ் பண்ணினால் பிள்ளை போய்விடும். பெயிலானால் பாடசாலையின் பேர் போய்விடும். ஒரு வருடம் மூன்று பேர் பாஸ். படிக்கட்டுக்குக் கீழே பெனர் கட்டினார்கள். சேர் எல்லோருக்கும் டொஃபி கொடுத்தார். அதைச் செத்த வீட்டில் வெற்றிலைத் தட்டு நீட்டுகிற முகத்தோடு கொடுத்தார்.

"ஏன் சேர், சந்தோசமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"மூண்டு பேர் போயிடுவினம்," என்றார். "ஒரேயடியா மூண்டு பேர்."

ஓர் ஆசிரியை பொறுக்க முடியாமல், "கொஞ்சம் மெதுவாப் படிப்பிச்சா என்னாங்க சேர்?" என்று கேட்டுவிட்டார். சேர் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை வகுப்பையும் ஆரம்பித்தார்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டார். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத சட்டம். பிள்ளையின் விடுகைப் பத்திரத்தை வாங்க வருகிற பெற்றோர் வெறுங்கையோடு வரக்கூடாது. தம்பி, தங்கச்சி, பக்கத்துத் தோட்ட லயத்துப் பிள்ளை, யாராவது ஒரு பிள்ளையைக் காட்டவேண்டும். "ஒண்டை எடுத்தால் ஒண்டை வைச்சிட்டுப் போங்கோ" என்பார். வெறுங்கையோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதில்லை. கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அவர்களுடைய சொந்தக்காரர்களை எல்லாம் ஒவ்வொருவராக விசாரிப்பார். மூன்றாவது தேத்தண்ணியில் ஒரு மச்சாளின் பிள்ளையாவது ஞாபகம் வந்துவிடும்.

இனி என்னைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அது விருப்பமில்லை, ஆனால் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

நான் ஒன்பதாம் ஆண்டோடு நின்றவன். கஷ்டத்தால் அல்ல, பயத்தால். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்குப் பெயிலாகிவிடுவேனோ என்ற பயத்தில், பரீட்சைக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே நின்றுவிட்டேன். அது சேர் வருவதற்கு முந்திய வருடம். "நான் ஒரு வருசம் முந்தி வந்திருந்தா உம்மை விட்டிருக்க மாட்டன்" என்று பின்னாளில் கடைக்கு வந்தபோதெல்லாம் சொல்வார். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டேனா என்று பார்க்க வழிப் பாதியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறவன் நான். மழை பெய்தால் மண்சரிவு வருமோ, வெயில் அடித்தால் தண்ணீர் வற்றுமோ என்று இரண்டுக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறவன். வாடிக்கையாளர் ஒரு கொப்பி கேட்டால், தொலைந்துவிடுமோ என்று இரண்டு அடித்துக் கொடுக்கிறவன்.

என் கடை சேருக்கு ஒற்றர் நிலையம். யார் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்கிறார்கள், யார் கரண்ட் பில்லைக் கொப்பி எடுக்கிறார்கள் என்று மெஷினுக்குப் பக்கத்தில் நின்று எட்டிப் பார்ப்பார். பிறப்புச் சான்றிதழ் மட்டும் என்றால் நம்முடைய பாடசாலை. கரண்ட் பில், தண்ணி பில், காணி உறுதி எல்லாம் சேர்ந்து வந்தால் கண்டி. ஏனென்றால் கண்டியில் பெரிய பாடசாலைக்கு, பக்கத்திலேயே குடியிருக்கிறோம் என்று நிரூபிக்கவேண்டும். அங்கே வீடில்லாதவர்கள் சொந்தக்காரர் வீட்டு முகவரியில் வாக்காளர் பதிவை மாற்றி, அங்கேயே இருப்பதுபோலக் காட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் இது ஊரறிந்த இரகசியம்.

என் மகள் அனுவுக்கு மாதா கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்த அன்று சேரும் வந்திருந்தார். ஃபாதர் "பிள்ளையின் பெயர் என்ன?" என்று கேட்க, நாங்கள் "அனுஷா மேரி" என்று சொல்ல, பின்வரிசையில் பேனா கீறுகிற சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "தம்பி, உம்மட பிள்ளை எனக்குத்தானே?"

"உங்களுக்குத்தாங்க சேர். வேற யாருக்கு?" என்றேன்.

அதே மாதம்தான் கண்டியில் என் மனைவியின் அக்கா வீட்டு முகவரிக்கு எங்கள் வாக்காளர் பதிவை மாற்றினேன். வேண்டுமென்று ஏமாற்றவில்லை. பயம்தான். எதற்கும் இருக்கட்டுமே என்று இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டேன். ஐந்து வருடம் சேர் கடைக்கு வந்து "எங்கட பிள்ளை எப்பிடி?" என்று கேட்டார். ஐந்து வருடம் நான் "நல்லாருக்காங்க சேர்" என்றேன்.

அனுவுக்கு ஐந்து முடிந்த வருடம், கல்வி அலுவலகத்திலிருந்து சேருக்கு ஒரு கடிதம் வந்தது. புதிதாகப் பத்துப் பிள்ளைகளாவது சேராவிட்டால் வருகிற தை மாதம் முதலாம் ஆண்டு வகுப்பு நடக்காது. சேர்கிற பிள்ளைகளை அடுத்த ஊர்ப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும். சேர் கடிதத்தை என் கடையில்தான் கொப்பி எடுத்தார். பத்துக் கொப்பி எடுத்தார். ஏன் பத்து என்று கேட்டேன். "ஒவ்வொரு பிள்ளை சேரேக்கையும் ஒண்டைக் கிழிச்சு எறிய" என்றார்.

நான் என்னுடைய பத்திரங்களை ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சொந்தக் கடையில் கள்ளன்போலக் கொப்பி எடுத்தேன்.

"சேர்கிட்ட சொல்லிடுங்களேன்," என்றாள் என் மனைவி ஜெயா.

"சொல்றேன், சொல்றேன்."

"எப்ப? அனு கல்யாணத்துலயா?"

அவளுக்கும் சேரைப் பிடிக்கும். ஆனால் அவளுடைய பயம் என் பயத்தைவிடக் கெட்டிக்காரத்தனமானது. "நாளைக்குப் பிள்ளை வளந்து, எல்லாரும் கண்டிக்குப் போனாங்களே, என்னைய மட்டும் ஏன் இங்க விட்டீங்கனு கேட்டா, ஒன்பதாம் ஆண்டோட நின்ன நீங்க என்னா பதில் சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.  

விண்ணப்பம் போனது. நேர்முகப் பரீட்சையும் முடிந்தது. இனி வீடு பார்க்க வருவார்கள், எப்போது என்று சொல்லமாட்டார்கள் என்றார்கள். கடையில் 'அவசர காரணமாக மூடப்பட்டுள்ளது' என்று எழுதி ஒட்டிவிட்டு, குடும்பத்தோடு கண்டி அக்கா வீட்டின் முன்னறைக்குக் குடிபோனோம். பயந்தவன் செய்கிற காரியம் எப்போதும் கொஞ்சம் கூடிவிடும். எங்கள் கல்யாணப் படத்தைச் சுவரில் மாட்டினேன். அனுவின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் வருடவாரியாகக் கோடு போட்டேன். எல்லாக் கோட்டையும் ஒரே காலையில் போட்டேன். ஒரு வயதுக் கோடு மூன்று வயதுக் கோட்டுக்கு மேலே போய்விட்டதை ஜெயாதான் கண்டுபிடித்து அழித்தாள்.

நாலாம் நாள் காலையில் கேட்டில் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பச்சை ஸ்வெட்டர்.

எங்கள் சாமான் ஏற்றிவந்த த்ரீவீல்காரனிடம் கேட்டு வந்திருக்கிறார். கையில் ஒரு பை தோடம்பழம்.

"கடை மூண்டு நாளாப் பூட்டு. பிள்ளைக்குச் சுகமில்லையோ எண்டு பயந்து போனன். கண்டிக்குக் கொண்டுவந்து வைச்சு மருந்து எடுக்கிறியள் போல எண்டு நினைச்சன்." அனுவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் இல்லை. நல்லது." கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது. டொஃபி கொடுத்த அன்றுகூட மலராத முகம். "தம்பி, நேற்று ஒன்பதாவது பிள்ளை சேந்திட்டுது. அனுவோட பத்து!"

நான் வாயைத் திறந்தேன். சொல்லிவிடத்தான் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குள் மறுபடி கேட் சத்தம். பெரிய பாடசாலையிலிருந்து வீடு பார்க்க வந்துவிட்டார்கள். ஒரு மிஸ்ஸும் இரண்டு சேர்மாரும். மிஸ் மேசையில் கோப்பைத் திறந்தார். மேலே அனுவின் படம். கீழே கரண்ட் பில், வாக்காளர் பதிவு, கிராம சேவகர் கடிதம். எல்லாம் இரண்டிரண்டு கொப்பி.

இடாப்பு சேர் பத்திரங்களைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"நீங்க யாருங்க?" என்று மிஸ் அவரைத்தான் முதலில் கேட்டார்.

"நானோ? நான் இவையின்ர சொந்தக்காரன்."

"யாழ்ப்பாணம் மாதிரிக் கதைக்கிறீங்க?"

"ஓம். பொம்பிளைப் பக்கம்."

ஜெயா ஹேவாஹெட்டவில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஒரு கணம் விழித்தவள், "ஆமாங்க மிஸ், எங்க பெரியப்பா" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அனு, "சேர், தோடம்பழம் உரிச்சுத் தாங்க" என்று அவர் மடியில் போய் விழுந்தாள்.

"பேத்தி முறைப் பிள்ளை தாத்தாவை சேர்னு கூப்பிடுதா?" மிஸ்ஸின் புருவம் மேலே போனது.

"நான் வீட்டில வைச்சுப் படிப்பிக்கிறனான். அதால அப்பிடிக் கூப்பிட்டுப் பழகிட்டாள்."

"அப்ப இவங்க இங்கதான் குடியிருக்காங்க? நிச்சயமா?"

ஒரு சொல் போதும். 'இல்லை' என்று ஒரு சொல். என் பிள்ளை அவருக்குப் பத்தாவது பிள்ளையாகிவிடும்; அவருடைய வகுப்பு நடக்கும். நான் அவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். தோடம்பழத்தின் தோல் ஒவ்வொரு துண்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"இஞ்சதான் இருக்கினம்," என்றார். "நான் அடிக்கடி வாறனான்."

அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. ஜெயா குசினிக்குள் போய் அழுதாள். சேர் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார்.

"சேர்..." என்றேன்.

"அந்த மிஸ் எழுதினதை நான் கண்டனான். சரி எண்டுதான் எழுதினவ. இனிப் பயப்பிடாதையும்."

சீ.ஆர். கொப்பியை எடுத்து, அனுவின் பெயர் இருக்கிற பக்கத்தைப் புரட்டி, பேனாவோடு என்னிடம் நீட்டினார். "நீர் வெட்டிவிடும் தம்பி. எனக்குக் கண்ணாடி இல்லாமல் தெரியேல்லை." கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது. நான் வெட்டினேன். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைத்துவிட்டுப் போகச் சொல்கிற மனிதர், என்னிடம் எதையும் வைக்கச் சொல்லவில்லை. 'போட்டு வாறன்' என்று அனுவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதற்குப் பிறகு மார்கழி முழுக்க மழையில் லயம் லயமாக ஏறி இறங்கினாராம். ஒரு பிள்ளையும் கிடைக்கவில்லை. இல்லாத பிள்ளை ஒன்றின் பெயரை எழுதிவிடலாம், யார் வந்து எண்ணப்போகிறார்கள் என்று பாடசாலையில் ஒருவர் யோசனை சொன்னாராம். "இல்லாத பிள்ளையை இருக்கெண்டு நான் எழுத மாட்டன்" என்றாராம். இதை எனக்குச் சொன்னவருக்குக் கண்டியில் நடந்தது தெரியாது. நான் அவருக்கு ஒரு கொப்பிக்குப் பதில் மூன்று அடித்துக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்றேன்.

தை மாதம் ஒன்பது பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு எண்பத்து நாலு படியும் ஏறி வந்தார்கள். வகுப்பு இல்லை. சேரே அவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய், அடுத்த ஊர்ப் பாடசாலையில் வரிசையில் நிற்பாட்டிவிட்டு வந்தார். பஸ் என் கடையைத் தாண்டித்தான் போகும். நான் மெஷினுக்கு மை போடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

முதலாம் ஆண்டு இல்லாத பாடசாலைக்கு அடுத்த வருடம் இரண்டாம் ஆண்டு இல்லை, அதற்கடுத்த வருடம் மூன்றாம் ஆண்டு இல்லை. அந்த ஓட்டை வருடத்துக்கு ஒரு வகுப்பாக மேலே ஏறியது. கீழேயும் நிரம்பவில்லை, முதலாம் ஆண்டே இல்லாத பாடசாலைக்கு யார் முதலாம் ஆண்டுப் பிள்ளையைக் கொண்டுவருவார்கள்? சேர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன அன்று பிரியாவிடைக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

அனு இப்போது தரம் ஐந்து. ஐந்தே கால் வேன். வேனுக்குள்ளேயே தூங்கி, வேனுக்குள்ளேயே பாண் சாப்பிட்டு வளர்கிறாள். போன பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு மிஸ் எங்களைப் பார்த்து, "நீங்க எந்தப் பிள்ளைங்க?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஐம்பது பிள்ளைக்குக் கிட்ட ஒரு வகுப்பில். பெயரைச் சொன்னோம். பட்டியலில் விரல் வைத்துத் தேடினார். வெகுநேரம் தேடினார். நல்ல பாடசாலைதான். ஆனால் பிள்ளை பிறந்த திகதியை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்த மனிதருக்கு நான் செய்ததை நினைத்துக்கொண்டே பஸ்ஸேறினேன்.

போன வாரம் அனுவுக்குக் காய்ச்சல். புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வருகிறது.  என்ன நினைத்தேனோ, யாரிடமோ நம்பர் வாங்கி, இத்தனை வருடத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு கோல் எடுத்தேன்.

"சேர், நான்..." என்று ஆரம்பித்தேன். 

"எங்கட பிள்ளை எப்பிடி?" என்றார் சேர்.

காய்ச்சல் என்றேன். பாடசாலைக்குப் போகவில்லை என்றேன். எத்தனை நாள், என்ன மருந்து, கஞ்சி குடித்தாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பழைய கதையை அவர் எடுக்கவில்லை. எடுக்க எனக்கும் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை ஏழரைக்கு அவரே எடுத்தார். "இண்டைக்குப் போனவளோ?"

"இல்லீங்க சேர், இன்னைக்கும் லீவுதான்."

"பரவாயில்லை. நாளைக்கு எடுத்துக் கேக்கிறன்."

அன்று பின்னேரமே காய்ச்சல் விட்டுவிட்டது. ஜெயா சீருடையை ஸ்திரிக்கை போட்டுக் கதிரையில் விரித்து வைத்தாள். நான் அதை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை வேன் வந்து ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது. ஏழரைக்கு சேர் எடுப்பார் என்று ஏழு மணியிலிருந்தே போனை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அனுவும் உட்கார்ந்திருந்தோம்.